குளத்தில் இரட்டைப் பிறவிகள்: எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். தாமரை இலைக்கும் அல்லி இலைக்கும் என்ன வித்தியாசம்? பூவைக் காட்டினா எல்லாரும் சொல்லிடுவோம். பூ இல்லாத நேரத்தில் இலையை மட்டும் காட்டினா? நம் வகுப்பில் 10 பேரிடம் கேட்டுப் பார்த்தேன். 3 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அந்த 3 பேரும் குளத்தில் குளிக்கிறவர்கள்!

நம்ம ஊர் வெண்ணாற்றுப் பாசன ஊர். வாய்க்கால், குளம், குட்டை, வயல் எதற்கும் குறைவில்லை. தண்ணீரிலும் சேற்றிலும் வளரும் செடிகளைத் தினமும் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறோம். ஆனால் அவற்றில் பல செடிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று கறிக்கு ஆகும், அதே போல இருக்கும் இன்னொன்று ஆட்டைக் கொல்லும். ஒன்று பயிர், இன்னொன்று களை. ஒன்று குளத்திற்கு நல்லது, இன்னொன்று குளத்தையே மூடிவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். "பச்சையா இருக்கு, நீளமா இருக்கு" என்று மொத்தமாகப் பார்த்தால் எதையும் பிரிக்க முடியாது. எந்தச் செடியைப் பார்த்தாலும் 4 கேள்வி கேளுங்க:

1. செடி எங்கே, எப்படி நிற்கிறது? மிதக்கிறதா, படர்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா?
2. தண்டு எப்படி? உருண்டையா, முக்கோணமா? கணு இருக்கா?
3. இலை எப்படி ஒட்டியிருக்கிறது? காம்பு உண்டா? காம்பு இலையின் எந்த இடத்தில் சேருகிறது?
4. பூ எங்கிருந்து வருகிறது? பூவுக்குக் காம்பு உண்டா?

இந்த 4 கேள்வியை வைத்துக்கொண்டு நம் ஊர் இரட்டைப் பிறவிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தாமரையும் அல்லியும்

இங்கே உதவுவது 3-ஆவது கேள்வி. தாமரை இலை முழு வட்டம், எங்கேயும் வெட்டு இருக்காது. காம்பு இலையின் நடு மையத்தில், குடைக்குக் கம்பி சேருகிற மாதிரி சேர்ந்திருக்கும். அல்லி இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். முழு தோசையில் ஒரு துண்டு பிய்த்து எடுத்த மாதிரி!

"தாமரை இலை தண்ணிக்கு மேலே நிற்கும், அல்லி இலை மிதக்கும்" என்றும் சொல்வார்கள். இது பாதிதான் சரி. இளம் தாமரை இலையும் முதலில் தண்ணீர் மேல் மிதக்கும், பிறகு வருகிற இலைகள்தான் மேலே எழும். அதனால் வெட்டு இருக்கா என்று பார்ப்பதே நம்பகமான அடையாளம்.

காம்பைத் தடவிப் பாருங்க. தாமரைக் காம்பில் சின்னச் சின்ன முள் சொரசொரவென்று இருக்கும். அல்லிக் காம்பு வழவழவென்று இருக்கும். தாமரைப் பூவின் நடுவில் பொகுட்டு இருக்கும். ஓட்டை ஓட்டையாக, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு விதை. இது தண்ணிக்கு மேலேயே முற்றும். அல்லியில் பொகுட்டு கிடையாது. பூ வாடியதும் தண்ணிக்குள் இறங்கி, அங்கேதான் காய் முற்றும்.

தாமரை காலையில் விரியும். வெள்ளை அல்லி இரவில் விரிந்து காலையில் வெயில் ஏறினதும் மூடிக்கொள்ளும். ஆனால் நீல அல்லி பகலில் விரியும். (இலங்கையின் தேசிய மலர் இந்த நீல அல்லிதான். நம் நாட்டின் தேசிய மலர் தாமரை.) நம் முன்னோர்கள் இதில் ரொம்பத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் பட்டியலில் தாமரை, ஆம்பல், குவளை மூன்றும் தனித்தனிப் பெயரோடு வருகின்றன. ஆம்பல் என்றால் அல்லி.

இப்போ ஒரு ஆச்சரியமான செய்தி. தாமரையும் அல்லியும் அக்கா தங்கை இல்லை! மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், தாமரைக்கு நெருங்கிய சொந்தம் காஷ்மீரின் சினார் மரமும், ஏற்காடு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக் மரமும் அடங்கிய கூட்டம் என்று தெரிந்தது. அல்லி வேறு, மிகப் பழமையான குடும்பம். ஒரே தண்ணீரில் ஒரே மாதிரி வாழ்ந்ததால் தோற்றம் மட்டும் ஒத்துப்போய்விட்டது. அதனால் தோற்றம் ஒத்துப்போனால் சொந்தம் என்று அர்த்தமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கோரை, சம்பு, நாணல்

மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் "ஏதோ உயரமான புல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இங்கே 2-ஆவது கேள்விதான் திறவுகோல்.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்க. முனை முனையாகத் தட்டுப்பட்டு, சரியாக உருளாமல் நின்றால் அது கோரை. பெரும்பாலான கோரைகளுக்குத் தண்டு முக்கோணம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். சில கோரைகளில் தண்டு கிட்டத்தட்ட உருண்டையாகவும் இருக்கும். அப்போது கணுவைத் தேடுங்க. கோரையின் பூந்தண்டில் கீழிருந்து மேல்வரை கணுவே இருக்காது. அதனால்தான் கோரையைக் கிழித்து, காயவைத்து, வழுவழுப்பாகப் பாய் முடைய முடிகிறது. பத்தமடைப் பாய் பெயர் பெற்றதும் கோரையால்தான்.

நாணல் புல் இனம். கரும்பு மாதிரி கணுக்கணுவாக இருக்கும். இலை இரண்டு பக்கமாக மாறி மாறி வரும். கோரையிலோ மூன்று பக்கமாக வரும், மேலிருந்து பார்த்தால் மூன்று திசையும் தெரியும். நாணல் பூத்தால் வெள்ளை வெளேரென்று சாமரம் மாதிரி ஆடும். கவனம், இலையின் ஓரம் கையைக் கீறும்!

சம்புக்குத் தண்டைத் தேட வேண்டாம். இலையெல்லாம் அடியிலிருந்தே கிளம்பி, பட்டை பட்டையாக ஆள் உயரம் நிற்கும். இலையை ஒடித்தால் உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள். பூக்கும்போது குழப்பமே இல்லை. பழுப்பு நிறத்தில் தடித்த ஊதுவத்தி போல ஒரு கதிர் நீட்டிக்கொண்டு நிற்கும். முற்றியதும் பஞ்சாகப் பறக்கும்.

இதைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். களைக்கொல்லி வாங்கக் கடைக்குப் போகிற அப்பாக்களிடம் கேளுங்க. "வயல்ல இருக்கறது புல்லா, கோரையா, அகல இலையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். புல்லை மட்டும் கொல்லும் மருந்தைக் கோரைக்கு அடித்தால் காசும் போச்சு, களையும் நிற்கும். கையால் பிடுங்கினாலும் கோரையின் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிட்டால் மறுபடி முளைக்கும். எது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

இன்னொரு பயனும் உண்டு. நாணல் வேர் ஆற்றங்கரை மண்ணைப் பிடித்து வைக்கிறது. சம்புப் புதருக்குள் நீலத் தாழைக்கோழி கூடு கட்டுகிறது. "எல்லாம் புல்லுதானே" என்று ஒட்டுமொத்தமாக வெட்டினால் கரையும் போகும், கோழியும் போகும்.

3. நெல்லும் குதிரைவாலிப் புல்லும்

இதுதான் மிகக் கடினமான இரட்டை. நாற்றாக இருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூடச் சிரமம். எங்க அப்பாயி 40 வருஷமாகக் களை எடுக்கிறாங்க. குனிந்த மேனிக்கே சரியாக இழுத்துப் போடுவாங்க. "எப்படி அப்பாயி கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "நெல்லுக்குக் காது இருக்கும்டி, இதுக்குக் காது இல்லை" என்றாங்க.

காதா? ஆமாம்! இலை தண்டைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் இல்லையா, அந்தப் போர்வை முடிந்து இலை வெளியே பிரிகிற மூட்டைப் பாருங்க. இலையை மெதுவாகப் பின்னால் வளைத்தால் தெரியும். நெல்லில் அந்த மூட்டில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நிற்கும், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் முடியோடு வளைந்த சின்னக் காதுகள் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. மூட்டு மொட்டையாக வழவழவென்று இருக்கும். அப்பாயி சொன்னது அறிவியல் புத்தகத்தில் இருக்கும் அதே அடையாளம்தான்!

இந்தப் புல் ஏன் நெல் மாதிரியே இருக்கிறது? இதற்குக் காரணமே களை எடுத்தவர்கள்தான். யோசித்துப் பாருங்க. வயலில் 100 புல் முளைக்கிறது. அதில் வித்தியாசமாகத் தெரிகிற 90 புல்லைப் பிடுங்கிவிடுகிறோம். நெல் மாதிரியே இருக்கும் 10 புல் தப்பித்து விதை போடுகிறது. அடுத்த போகத்தில் அந்த 10-இன் பிள்ளைகள் முளைக்கின்றன. மறுபடி பிடுங்குகிறோம், மறுபடி இன்னும் அதிகமாக நெல் போல இருப்பவை தப்பிக்கின்றன. இப்படி நூற்றுக்கணக்கான வருஷம் போனால், நெல்லுக்கு வேஷம் போட்ட புல் தயார்! (100, 90, 10 என்பது விளங்குவதற்காக நான் போட்ட கணக்கு.)

இதை விளக்கியவர் நிக்கோலாய் வவிலோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. இந்த வேஷத்திற்கு அவர் பெயரையே வைத்து 'வவிலோவ் போலித்தோற்றம்' என்கிறார்கள். 2019-இல் சீன ஆய்வாளர்கள் இந்தப் புல்லின் மரபணுவை ஆராய்ந்து, யாங்சி ஆற்றுப் பகுதியில் இந்த வேஷம் சுமார் 1000 வருஷத்திற்கு முன் தொடங்கியது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது நம் அப்பாயிகளின் கண்ணும் புல்லின் வேஷமும் பல தலைமுறையாகப் போட்டி போடுகின்றன. வேஷம் முழுவதும் போட்டாலும் காது மட்டும் இன்னும் முளைக்கவில்லை!

4. வள்ளைக்கீரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்

இது உயிர் சம்பந்தப்பட்டது. கவனமாகப் படிக்கவும்.

இரண்டுக்கும் பூ ஒரே மாதிரி. வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, ஒலிபெருக்கிக் குழாய் வடிவம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் பூவை வைத்து முடிவு செய்யவே கூடாது. தண்டை ஒடித்தால் பால் வருகிறதா என்று பார்ப்பதும் உதவாது. முதல் கேள்விக்குப் போங்க. எப்படி நிற்கிறது?

வள்ளைக்கீரை படுத்தே இருக்கும். தண்ணீர் மேல் மிதந்து படரும், அல்லது ஈரச் சேற்றில் ஓடும். தண்டு இளசாக, உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். அதனால்தான் மிதக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விடும். இலை அம்பு முனை மாதிரி நீண்டு, அடியில் இரண்டு முனை பிரிந்திருக்கும். கீரையாக ஆக்கிச் சாப்பிடலாம்.

நெய்வேலிக் காட்டாமணக்கு நிமிர்ந்து நிற்கும் புதர். ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். அடித்தண்டு கட்டையாகிவிடும். இலை பெரிய இதய வடிவம், பூவரசு இலை மாதிரி அடியில் அகன்று நுனியில் கூர்மையாக இருக்கும். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. வாய்க்கால் ஓரமெல்லாம் இதுதான் நிற்கிறது. ஒரு குச்சி ஒடிந்து சேற்றில் விழுந்தாலும் முளைத்துவிடும்.

இதில் ஸ்வைன்சோனைன் என்ற நச்சு இருக்கிறது. பச்சை நிறைய இருக்கும்போது ஆடுகள் இதைச் சீண்டாது. கோடையில் வேறு தீனி இல்லாதபோது கடிக்கத் தொடங்கி, பழகிவிட்டால் இதையே தேடித் தின்னும். பல நாள் தின்ற ஆடு மெலியும், தலை ஆடும், நடக்கும்போது தடுமாறும், கடைசியில் செத்தும் போகும். ஆடு மேய்க்கப் போகும் நண்பர்களே, கோடையில் வாய்க்கால் ஓரம் ஆட்டை விட்டுவிட்டு விளையாடப் போகாதீங்க. ஆடு தடுமாறினால் கால்நடை மருத்துவரிடம் "காட்டாமணக்கு தின்னுச்சு" என்று சொல்ல மறக்காதீங்க.

வள்ளைக்கீரை பறிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாக்கடை சேரும் குட்டையில் பறிக்க வேண்டாம். தண்ணீரில் உள்ள கெடுதலையும் அந்தக் கீரை சேர்த்து உறிஞ்சும்.

5. பொன்னாங்கண்ணியும் அதன் போலியும்

பொன்னாங்கண்ணி எல்லாருக்கும் தெரியும். வரப்போரம் கொடி போல ஓடும், எதிரெதிர் இலை, வெள்ளைப் பூ. அதே மாதிரி எதிரெதிர் இலையும் வெள்ளைப் பூவும் உள்ள இன்னொரு செடி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை அலிகேட்டர் வீட் என்பார்கள், 'முதலைக்களை' என்று சொல்லலாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

இங்கே 4-ஆவது கேள்வி. பொன்னாங்கண்ணியில் பூ, இலைக்கும் தண்டுக்கும் நடுவில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு இருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'செசிலிஸ்' என்ற சொல்லுக்கே காம்பில்லாதது என்றுதான் பொருள். முதலைக்களையில் பூவுருண்டை ஓர் அங்குலத்துக்கு மேல் நீளமான தனிக் காம்பில் நிற்கும், சட்டைப் பொத்தானைக் குச்சியில் குத்தி வைத்த மாதிரி. தண்டும் தடித்து, உள்ளே வெற்றாக இருக்கும். தண்ணீர் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்து வாய்க்காலையே அடைத்துவிடும். ஒரு கணு இருந்தால் போதும், புதுச் செடி.

இதற்கு ஒரு உண்மைச் சம்பவம். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கை மக்களுக்குப் பொன்னாங்கண்ணி மேல் ஆசை. சிங்களத்தில் அதை முகுணுவென்ன என்பார்கள். அதுதான் என்று நினைத்து, வீட்டுத் தோட்டங்களில் பலர் வளர்த்துச் சாப்பிட்டு வந்தது முதலைக்களை! 1990-களில் அதிகாரிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அது தடைசெய்யப்பட்ட களை. நல்லவேளையாக, விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அந்த மக்கள் ஒத்துழைத்தார்கள். பதிலுக்கு அந்த நாட்டிலேயே வளரும் பொன்னாங்கண்ணியின் சொந்தக்காரச் செடி ஒன்றை வளர்க்கக் கொடுத்தார்கள். ஒரு பூக்காம்பைக் கவனிக்காததால் ஒரு நாட்டுக்கே எவ்வளவு வேலை பாருங்க!

6. ஆகாயத்தாமரையும் வெங்காயத்தாமரையும்

இதில் செடியோடு பெயரும் குழப்பம். பத்திரிகைகளில்கூட இரண்டையும் ஆகாயத்தாமரை என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டு மிதப்பவை.

உண்மையான ஆகாயத்தாமரை ஒரு சின்ன முட்டைக்கோசு விரிந்த மாதிரி இருக்கும். இலைக்குக் காம்பு கிடையாது. இலை மேல் வெல்வெட் துணி மாதிரி நுண்ணிய முடி, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக வரிகள். தண்ணீரில் அமுக்கி எடுத்தாலும் நனையாது. பூ ரொம்பச் சிறிசு, இலைக்குள் ஒளிந்திருக்கும், தேடினால்தான் தெரியும். நாட்டு மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்று சொல்வது இதைத்தான்.

வெங்காயத்தாமரைக்கு இலைக் காம்பு உண்டு. காம்பின் நடுவில் வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். அதை நறுக்கினால் உள்ளே காற்றறைகள். இலை பளபளவென்று வழவழப்பாக இருக்கும். பூ கண்ணைப் பறிக்கும் இளம் ஊதா, மேல் இதழில் மஞ்சள் பொட்டு. ஒரு எச்சரிக்கை: நெருக்கமாக வளரும்போது காம்பு உப்பாமல் நீளமாகவே இருக்கும். அப்போது காம்பு இருக்கா இல்லையா, இலை பளபளப்பா முடியா என்று பாருங்க.

வெங்காயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகெங்கும் கொண்டு போகப்பட்டது. சூடும் சத்தும் உள்ள தண்ணீரில் 2 வாரத்திற்குள் இரண்டு மடங்காகிவிடும். கணக்குப் போடுங்க. இன்று குளத்தில் எட்டில் ஒரு பங்கு மூடியிருந்தால், 6 வாரத்தில் முழுக் குளமும் மூடிவிடும்! மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது, தண்ணீரில் பிராணவாயு குறையும், மீன் சாகும், கொசு பெருகும்.

நம் பசுமைப் படை மாணவர்கள் ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்யத் திட்டமிட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் என் வேண்டுகோள் இதுதான். பிடுங்க வேண்டியது வெங்காயத்தாமரை. கிழக்கு மூலையில் இருக்கும் அல்லியையும், மடைப் பக்கம் நிற்கும் கொஞ்சம் சம்பையும் விட்டுவிடலாம். அல்லி இலைக்கு அடியில் மீன் குஞ்சுகள் ஒதுங்கும், இலை மேல் இலைக்கோழி நடக்கும். பிடுங்கியதைக் கரை ஓரத்திலேயே போட்டால் மழையில் திரும்பக் குளத்துக்குள் போய்விடும். தள்ளிக் கொண்டுபோய்க் காயவைத்து உரக்குழியில் போட வேண்டும். அதன் விதை சேற்றுக்குள் 15, 20 வருஷம்கூட உயிரோடு இருக்கும். அதனால் ஒரு தடவை சுத்தம் செய்தால் போதாது, மாதம் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

7. அசோலாவும் சால்வினியாவும்

இரண்டும் மிதக்கும் பெரணிகள். பெரணி என்பதால் இரண்டும் பூக்காது. அசோலா நல்ல பிள்ளை. அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் நெல் வயலுக்கு உரம். மாடு, கோழிக்குத் தீனி. சால்வினியா கேரளக் காயல்களை மூடிய களை. அங்கே 'ஆப்பிரிக்கன் பாயல்' என்பார்கள். ஆனால் அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா இல்லை, பிரேசில்!

பிரிப்பது சுலபம். அசோலா முழுச் செடியே ஒரு விரல் நகத்தில் அடங்கும். செதில் செதிலாக அடுக்கிய இலை, வெயில் பட்டால் செம்பு நிறமாகும். சால்வினியாவில் இலை ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, இரண்டு இரண்டாக இருக்கும். இலை மேல் முடிகள் நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முடியின் நுனியும் கூண்டு மாதிரி, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி போல இருக்கும்.

இந்தச் செடியால் விஞ்ஞானிகளே பல வருஷம் சுற்றி வந்திருக்கிறார்கள். இதன் பகைவனான பூச்சியைச் சொந்த ஊரிலிருந்து பிடித்து வந்து விட்டால் களை அடங்கும் என்பது திட்டம். ஆனால் அப்போது இதை வேறொரு சால்வினியா என்று நினைத்திருந்தார்கள். அந்த வேறு செடி வளரும் இடத்தில் போய்ப் பூச்சி பிடித்து விட்டார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. 1972-இல்தான் இது தனி இனம் என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். 1978-இல் தென்கிழக்கு பிரேசிலில் சொந்த ஊரைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் ஆனபோது ஆயிரக்கணக்கான டன் களை அழிந்துபோனது! பிறகு 1980-களில் கேரளத்திலும் அதே வண்டுதான் உதவியது.

இன்னும் கேளுங்க. அந்த வண்டும் முதலில் விட்ட வண்டும் பார்க்க ஒரே மாதிரி. இது வேறு இனம் என்று 1985-இல்தான் பெயர் கிடைத்தது. செடியிலும் இரட்டை, வண்டிலும் இரட்டை. சரியாகப் பிரித்த பிறகுதான் வேலை நடந்தது.

செடி பார்க்கப் போகும்போது

* தனியாகத் தண்ணீரில் இறங்க வேண்டாம். தாமரைக் குளத்தில் கொடி காலில் சுற்றும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அது ஆபத்து. கரையிலிருந்தே பாருங்க, பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்க.
* வாயில் போட்டு ருசி பார்த்து அடையாளம் காணும் பழக்கமே வேண்டாம்.
* ஒரே ஓர் அடையாளத்தை நம்பாதீங்க. குறைந்தது இரண்டு அடையாளம் ஒத்துப்போக வேண்டும்.
* கீரை விஷயத்தில் சந்தேகம் வந்தால் பறிக்காமல் விடுங்க. தெரிந்த பெரியவரிடம் காட்டிவிட்டுத்தான் சமையலுக்கு.
* நோட்டில் படம் வரையுங்க. வரையும்போதுதான் காம்பு எங்கே சேருகிறது என்று கண் கவனிக்கும்.
* வேறு ஊர்க் குளத்திலிருந்து "அழகா இருக்கே" என்று எந்த மிதக்கும் செடியையும் கொண்டுவந்து நம் குளத்தில் விடாதீங்க. வெங்காயத்தாமரை உலகெல்லாம் பரவியது அப்படித்தான்.

உங்களுக்கு ஒரு கேள்வி

ஆரைக்கீரை, புளியாரை இரண்டையும் உங்கள் வீட்டுப் பக்கமே பார்க்கலாம். ஒன்று வயல் சேற்றில், இன்னொன்று தொட்டி ஓரத்து ஈர மண்ணில். இரண்டும் சின்னக் குடை விரித்த மாதிரி இருக்கும். ஒரு காம்பில் எத்தனை சிற்றிலை என்று இரண்டிலும் எண்ணிப் பாருங்க. அதோடு, இவற்றில் ஒன்று எத்தனை வருஷம் காத்திருந்தாலும் பூக்கவே பூக்காது. எது? ஏன்? (விடைக்கான குறிப்பு இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது!)

விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர், வகுப்போடு அறிவியல் ஆய்வகத்தின் வாசலில் உள்ள பெட்டியில் போடுங்க. செடியைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம், படம் வரைந்து வந்தால் போதும். சரியான விடையும் நல்ல படமும் அடுத்த இதழில் இதே இடத்தில் வரும்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
பசுமைப் படை உறுப்பினர்